நாற்பது வினாக்களும் ஒரு குழந்தையின் விடையும்: வலேரியா லூயிசெல்லியின் கட்டுரை நூலை முன்வைத்து

1. நூலும் அதன் இரு வடிவங்களும்

குடிவரவு நீதிமன்றத்தில் ஒரு குழந்தை பேசும் மொழி ஒன்றாகவும் அதன் வழக்கு எழுதப்படும் மொழி வேறொன்றாகவும் இருக்கும்போது, அக்குழந்தைக்குச் சட்டம் அளித்துள்ள உரிமைகள் அனைத்தும் மொழிபெயர்ப்பைக் கடந்தே அதனிடம் வந்துசேர வேண்டியுள்ளன. மொழிபெயர்ப்பியல் ஆய்வுகள் இலக்கியப் பனுவல்களுக்கு அளித்த கவனத்தை இத்தகைய வாய்மொழிப் பெயர்ப்புக்கு அளித்ததில்லை. தமிழில் இதற்கெனத் தனிச்சொல்லேகூட உறுதிப்படவில்லை. எழுத்தைப் பெயர்ப்பவரும் பேச்சைப் பெயர்ப்பவரும் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றனர். முன்பு வழக்கிலிருந்த 'துபாஷி' என்ற சொல் வரலாற்று நூல்களோடு ஒதுங்கிவிட்டது. இந்நிலையில் மெக்சிகோ எழுத்தாளர் வலேரியா லூயிசெல்லியின் சிறுநூல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்திற்கு உரியதாகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் தென் எல்லையில் 2014ஆம் நிதியாண்டில் 68,000க்கும் மேற்பட்ட சிறார்கள் பெற்றோர் உடனின்றிப் பிடிபட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் ஹொண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடோர், மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டில் லூயிசெல்லி நியூயார்க் நகரக் குடிவரவு நீதிமன்றத்தில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். சட்ட உதவி அமைப்புகளின் வழக்கறிஞர்கள் வகுத்திருந்த நாற்பது வினாக்கள் கொண்ட படிவத்தை வைத்துக்கொண்டு குழந்தைகளிடம் ஸ்பானியத்தில் கேட்டு, விடைகளை ஆங்கிலத்தில் எழுதுவது அவர் பணி. அப்பணியிலிருந்து பிறந்த நூல் 'லோஸ் நீன்யோஸ் பெர்தீதோஸ்' என்ற பெயரில் 2016இல் ஸ்பானியத்தில் வெளிவந்தது. லிஸி டேவிஸின் பங்களிப்போடு விரிவாக்கப்பட்ட ஆங்கில வடிவம் 'டெல் மீ ஹவ் இட் எண்ட்ஸ்' என்ற தலைப்பில் 2017இல் வந்தது.

இரு தலைப்புகளும் ஒன்றன் பெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பது நோக்கத்தக்கது. ஸ்பானியத் தலைப்பின் பொருள் 'தொலைந்த குழந்தைகள்' என்பதாகும். அங்குக் குழந்தைகளே பெயர்த்தொடரின் தலைமையாக நிற்கின்றனர். ஆங்கிலத் தலைப்போ, கதையின் முடிவைச் சொல்லுமாறு கேட்கும் ஏவல் தொடர். அது ஆசிரியரின் சிறு மகள் தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்பது. எல்லையைக் கடந்த குழந்தையிடமிருந்து, அக்குழந்தையின் கதையைக் கேட்கும் குழந்தைக்குத் தலைப்பு இடம்பெயர்ந்துவிட்டது. ஆங்கில வாசகரின் இருப்பிடத்தை இது சரியாகவே சுட்டுகிறது என வாதிடலாம். எனினும் நூல் முழுவதும் நிலவும் ஓர் இழுபறியின் முதல் அடையாளமாகவும் இதனைக் கொள்ள வேண்டும்: கதை யாருடையது, அதனைச் சொல்லும் குரல் யாருடையது என்ற இழுபறி அது.

2. 'துணையற்ற' என்னும் அடை

இத்துறையின் மையச் சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் (2002) இக்குழந்தைகளைக் குறிக்க வகுத்த தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'துணையற்ற அயற்குழந்தை' என்று வரும். சட்டம் இதற்குத் தரும் இலக்கணம் மூன்று கூறுகளால் ஆனது. குழந்தைக்குச் சட்டப்படியான குடிவரவு நிலை இருத்தலாகாது. வயது 18 நிறைந்திருத்தலாகாது. பெற்றோரோ சட்டப் பாதுகாவலரோ அந்நாட்டில் இல்லாமலோ, இருந்தும் அதனைத் தம் பொறுப்பில் வைத்துப் பேண இயலாமலோ இருத்தல் வேண்டும். பயணத்தில் யார் உடன் வந்தார் என்ற வினா இவ்விலக்கணத்தில் எங்கும் இல்லை. ஆகவே பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்த குழந்தையும் சட்டத்தின் கண்ணில் துணையற்றதே. சிற்றன்னையோடு வந்த குழந்தையும், பதினாறு வயது அண்ணனோடு வந்த ஆறு வயதுத் தங்கையும் அவ்வாறே கொள்ளப்படுவர்.

தமிழ் உறவுமுறைச் சொற்களில் பழகியவருக்கு இது எளிதில் பிடிபடாது. தாயின் உடன்பிறந்தாள் பெரியம்மாவாகவோ சின்னம்மாவாகவோ இருக்கும் மொழியில், அவளோடு வரும் குழந்தையைத் துணையற்றது எனல் மரபு வழுவாகும். மத்திய அமெரிக்க நாடுகளிலும் தாய் வேலை தேடி வடக்கே சென்றபின் பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டியைக் குழந்தைகள் அம்மா என்றே விளிப்பது பரவலான வழக்கம். அத்தகைய குழந்தை ஒன்று 'அம்மாவோடு வந்தேன்' என்று விடையளித்தால், மொழிபெயர்ப்பாளர் என்ன எழுதுவது? சொல்லைப் பெயர்த்தால் குழந்தை பொய் சொன்னதாகும். பொருளைப் பெயர்த்தால், குழந்தை தானே செய்துகொள்ளாத ஒரு பிரிவினையை மொழிபெயர்ப்பாளர் செய்து தருபவராகிறார்.

2018ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் இவ்விலக்கணம் மேலும் ஒரு திரிபுக்கு உள்ளாயிற்று. எல்லை கடந்த பெற்றோர் அனைவர்மீதும் குற்றவழக்குத் தொடர்வது என்ற கொள்கையின்படி பெற்றோர் சிறைக்கு அனுப்பப்பட, அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் 'துணையற்றோர்' என வகைப்படுத்தப்பட்டுக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டனர். துணையோடு வந்தவர்களை அரசே துணையற்றவர்களாக ஆக்கியது. ஆங்கிலப் பெயரடை இதனை மறைக்க இடம் தருகிறது. வினையடியிலிருந்து பிறந்த எதிர்மறைப் பெயரெச்ச வடிவமாயினும் அது வினைமுதலைக் காட்டுவதில்லை. தமிழில் 'துணையற்ற' என்பதும் அவ்வாறே. 'துணை பிரிக்கப்பட்ட' என்று பெயர்த்தால்தான் பிரித்தவர் யார் என்ற வினா எழும். குழந்தை உரிமைக் குழுவின் 2005ஆம் ஆண்டுப் பொதுக்கருத்துரை எண் 6, பெற்றோரைப் பிரிந்தும் பிற உறவினரோடு இருக்கும் குழந்தையையும், பொறுப்பான பெரியவர் எவருமே இல்லாத குழந்தையையும் இரு வேறு தொடர்களால் பிரித்தறிகிறது. அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத வேறுபாடு இது. பிரான்சிலும் 2016இல் அரசு வழக்கு மாறியது. 'தனித்திருக்கும் அயல்நாட்டுச் சிறார்' என்ற பொருளுடைய தொடரைக் கைவிட்டு 'துணையற்ற சிறார்' என்ற பொருளுடைய தொடரை மேற்கொண்டனர். 'அயல்நாட்டு' என்ற அடை உதிர்ந்தது நல்லதே. ஆனால் தனிமை என்ற நிலைக் குறிப்பும் அதனோடு போயிற்று.

தமிழ்ப் பத்திரிகைகள் இச்செய்திகளை எழுதும்போது 'ஆதரவற்ற குழந்தைகள்' எனப் பெயர்ப்பதுண்டு. இது ஏற்புடையதன்று. ஆதரவற்றோர் என்ற சொல் அநாதை இல்லங்களின் பெயர்ப்பலகைகளில் பழகிய சொல். நியூயார்க்கில் தாய் காத்திருக்க, அவளுடைய தொலைபேசி எண்ணோடு வரும் குழந்தைக்கு ஆதரவு உண்டு. அதனை அடைவதற்கான வழிதான் இல்லை. 'மைனர்' என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கிலும் திரைப்படங்களிலும் ஏறியுள்ள பொருளை எண்ணினால் அதனை ஒதுக்குவதே நன்று. 'துணையின்றி வந்த சிறார்' என்பது, 'வந்த' என்ற பெயரெச்சத்தால் சட்ட இலக்கணத்தினின்று சற்று விலகினாலும், பொதுப் பயன்பாட்டுக்கு இயைந்தது. சட்ட ஆவணத்திலோ வரையறையைத் தந்தபின்னரே தொடரைப் பயன்படுத்த வேண்டும்.

3. வினாநிரலின் இலக்கணம்

நூலின் தனிச்சிறப்பு அது வினாநிரலையே தன் வடிவமாகக் கொண்டமை. எல்லை, நீதிமன்றம், வீடு, சமூகம் என்ற நான்கு பகுதிகளினூடே வினாக்கள் வரிசை மாறாமலும் சில வேளை மாறியும் தோன்றுகின்றன. முதல் வினா வருகையின் காரணத்தைக் கேட்பது. பின்னர்ப் பயணம், உடன்வந்தோர், வழியில் நேர்ந்த தீங்கு, உறவினர், ஊரில் இருந்த கும்பல்களின் அச்சுறுத்தல் என வரிசை செல்கிறது. இறுதியில், திருப்பி அனுப்பப்பட்டால் யார் பார்த்துக்கொள்வார் என்ற வினா வருகிறது. குழந்தைகளின் விடைகள் இவ்வரிசையில் வருவதில்லை. முன்னும் பின்னுமாகத் துண்டுதுண்டாக வருபவற்றை வரிசைப்படுத்தி, தன்மையிடத்திலிருந்து படர்க்கைக்கு மாற்றி, சுருங்கிய வாக்கியங்களாக்கிப் படிவத்தின் கோடிட்ட இடங்களை நிரப்புவதை லூயிசெல்லி கூசாமல் விவரிக்கிறார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பின் பொதுவிதி, பேசுபவரின் தன்மையிடத்தை அப்படியே காத்தல் ஆகும். 'நான் ஓடினேன்' என்பதை 'அவன் ஓடினதாகச் சொல்கிறான்' என்று பெயர்த்தல் கூடாது. முன்விசாரணைப் படிவத்தில் இவ்விதி இயங்குவதில்லை. அங்கு மொழிபெயர்ப்பாளர் ஒரே நேரத்தில் கேட்பவர், பெயர்ப்பவர், எழுதுபவர் என்ற மூவரும் ஆகிறார். தமிழில் 'என்று', 'ஆக', 'ஆம்' ஆகிய கூற்றுக் குறியன்கள் பிறர் கூற்றையும் சொல்பவரின் பொறுப்பையும் நுட்பமாக வேறுபடுத்துகின்றன. 'அவன் வந்தானாம்' என்பதில் உள்ள விலகலை ஆங்கிலப் படிவத்தின் படர்க்கை வாக்கியம் ஏற்பதில்லை. அது நேரடிச் செய்தியாக நிற்கிறது. குழந்தையின் தயக்கம் அதிலில்லை.

வினாக்களுள் மிகக் கடினமானவை நிபந்தனைத் தொடர்கள். திரும்பினால் என்ன நடக்கும் எனக் கேட்பது நிகழாத ஒன்றைக் கற்பித்து அதன் விளைவைச் சொல்லச் செய்வது. ஐந்து வயதுக் குழந்தையிடம் இதனைக் கேட்டு, கிடைக்கும் மௌனத்தை அச்சமின்மை எனக் கொள்வது எத்துணைப் பிழை என்பதனை மொழிவளர்ச்சி பற்றிப் படித்தவர் அறிவர். குவாத்தமாலாவிலிருந்து வந்த ஐந்து, ஏழு வயதுச் சகோதரியர் இருவரைப் பற்றிய பகுதி இவ்வகையில் நூலின் உச்சம் எனலாம். புறப்படுமுன் பாட்டி அவர்களுடைய ஆடையின் கழுத்துப்பட்டையில் தாயின் பத்திலக்கத் தொலைபேசி எண்ணைத் தைத்து அனுப்புகிறாள். அவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் வயது அவர்களுக்கு இல்லை. நாற்பது வினாக்களுக்கு அவர்களால் சொல்லமுடியாத விடை அந்தத் தையலில் இருந்தது. வாய்மொழியைவிட ஆவணமே ஏற்கப்படும் ஓர் அமைப்பில், எழுத்தறியாப் பேத்தியர்மீது பாட்டி ஓர் ஆவணத்தை எழுதி அனுப்பினாள் என்பது ஆசிரியர் சொல்லாமல் விட்ட கருத்து.

ஆவணத்தின் வலிமை மற்றொரு வழக்கிலும் வெளிப்படுகிறது. ஹொண்டுராஸ் நாட்டுப் பதின்வயதுச் சிறுவன் ஒருவன், கும்பல் தன்னை மிரட்டியதாக ஊர்க் காவல்நிலையத்தில் அளித்த முறையீட்டின் படியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே நாடுகளைக் கடந்து வருகிறான். அங்கு எவரும் பொருட்படுத்தாத அத்தாள், நியூயார்க்கில் அவன் வழக்கின் உயிர்நாடியாகிறது. மொழி மாறாமலே, இடம் மாறியதால் மட்டும் ஒரு பனுவலின் பயன் மாறியது. பின்னர் லாங் ஐலண்டில் அவன் சேர்ந்த பள்ளியின் சூழலிலும் அதே கும்பல்கள் இருப்பது தெரியவருகிறது. தான் விட்டு வந்ததாக அவன் எண்ணிய நாடு முன்னரே அங்கு வந்து நின்றது. இப்பகுதியில் ஆசிரியர் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டது நூலுக்கு வலிமை சேர்க்கிறது.

நூலின் அறவியல் நெருடல் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். புகலிடம் கோருவதற்கு இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றால் துன்புறுத்தப்படும் அச்சம் காட்டப்பட வேண்டும். பெற்றோரால் கைவிடப்பட்ட, கொடுமைக்கு ஆளான அல்லது புறக்கணிக்கப்பட்ட சிறார்க்கு 1990இல் ஏற்பட்ட தனிக் குடிவரவுத் தகுதி ஒன்றும் உண்டு. ஆகவே குழந்தையின் வாழ்வில் நேர்ந்த தீங்கு எவ்வளவு பெரிதோ, வழக்கு அவ்வளவு வலுவானது. தாய் அன்பாக இருந்தாள், வீட்டில் குறையில்லை என்று குழந்தை மகிழ்வோடு சொல்லும் விடை அதனைத் திருப்பி அனுப்பத் துணைசெய்யும். மொழிபெயர்ப்பாளர் எவ்விடையையும் தூண்டுதல் ஆகாது. ஆயினும் எவ்விடை பயன்தரும் என்பதை அவர் அறிவார். துயரமான விடையை எதிர்பார்க்கும் செவியோடு அவர் அமர்ந்திருக்க நேர்கிறது. நடுநிலை என்று மொழிபெயர்ப்புக் கையேடுகள் எளிதாக எழுதிச் செல்லும் கோட்பாட்டை இந்நூலைப் படித்தபின் அதே எளிமையோடு கற்பிக்க இயலாது.

'அச்சம்' என்ற சொல்லும் மூன்று இலக்கணங்களுக்கிடையே சிக்கியுள்ளது. ஸ்பானியத்தில் அச்சம் ஒருவரிடம் உள்ள உடைமை. 'வைத்திரு' என்னும் பொருளுடைய வினையோடு வருவது. தமிழில் அது ஒருவருக்கு நேர்வது; 'எனக்குப் பயமாக இருக்கிறது' என நான்காம் வேற்றுமை எழுவாயாய் நிற்கும். சட்டத்தில் அது அடிப்படை காட்டி மெய்ப்பிக்க வேண்டிய கூற்று. 'நம்பத்தகுந்த அச்சம்' என்ற தமிழாக்கம் பலரும் கையாள்வது. நம்பப்பட வேண்டியது அச்சமன்று, அச்சத்திற்கான காரணம் என்பதால் 'தக்க காரணமுள்ள அச்சம்' எனல் பொருந்தும்.

4. உரிமையும் 'விருப்பமும்'

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் (1989) இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. ஐக்கிய அமெரிக்கா 1995இல் கையொப்பமிட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அதன் 12ஆம் உறுப்பு குழந்தை தன் கருத்தைச் சொல்லவும் கேட்கப்படவும் உரிமை தருகிறது. மேற்சுட்டிய பொதுக்கருத்துரை, முதல் நேர்காணல் குழந்தைக்குப் புரியும் மொழியில் நடைபெற வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரை அரசு அமர்த்துகிறது. ஆனால் இவை உரிமையியல் நடவடிக்கைகள் எனக் கொள்ளப்படுவதால் அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை குழந்தைக்கு இல்லை. அதாவது, குழந்தையின் சொல் நீதிபதியிடம் போய்ச்சேரும். எச்சொல்லைச் சொல்வது எனக் குழந்தைக்கு எடுத்துரைப்பார் இரார். 2014இல் இக்குழந்தைகளின் வழக்குகளை முதல் 21 நாள்களுக்குள் விசாரணைக்குக் கொண்டுவரும் முன்னுரிமை ஏற்பாடு வந்தபோது, வழக்கறிஞரைத் தேடிக்கொள்ளும் காலமும் குறைந்தது. மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் குடிவரவுச் சட்டத்தைக் கற்பிக்க இயலும் எனத் தம் வாக்குமூலத்தில் கூறியது 2016இல் செய்தியாயிற்று. 2025 மார்ச்சில், ஏறத்தாழ 26,000 குழந்தைகளுக்கு வழக்கறிஞர் உதவி வழங்கிவந்த ஒப்பந்தத்தை அரசு நிறுத்தியது. அடுத்த மாதம் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

மெக்சிகோக் குழந்தைகளின் நிலை இதனினும் இறுக்கமானது. 2008ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் தடுப்புத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகளின் குழந்தைகளைத் தனியே பிரிக்கிறது. 48 மணி நேரத்திற்குள் எல்லைக் காவலர் மூன்றினை ஆராய வேண்டும்: ஆட்கடத்தலின் அறிகுறி இல்லை, திரும்புவதற்குத் தக்க அச்சம் இல்லை, நுழைவுக் கோரிக்கையைத் தானாகவே விலக்கிக்கொள்ளும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு. இம்மூன்றும் உறுதியானால் குழந்தை 'விருப்பத்தின்பேரில்' திரும்பலாம். அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தப் பரிசோதனை சீராக நடத்தப்படவில்லை; ஆராயப்பட்ட ஆண்டுகளில் மெக்சிகோக் குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் திருப்பி அனுப்பப்பட்டனர். சொத்தை விற்கவோ ஒப்பந்தம் செய்யவோ தகுதியற்றவர் எனச் சட்டம் கருதும் வயதினர், நாடு கடத்தப்படுவதற்கு மட்டும் சுயவிருப்பம் உடையவராகின்றனர். சீருடை அணிந்தவர் கேட்கும் வினாவுக்கு 'ஆம்' என்பது இசைவா, பணிவா? பேச்சுச் செயற் கோட்பாடு கூறும் ஏற்புடைமை நிபந்தனைகள் இங்கு ஒன்றேனும் நிறைவேறுவதாகத் தெரியவில்லை.

5. ஐஸ்பெட்டி என்னும் சொல்

எல்லையில் குழந்தைகள் முதலில் அடைத்து வைக்கப்படும் குளிர்ந்த அறைகளை அவர்கள் 'ஹியேலெரா' என்கின்றனர். பனிக்கட்டி வைக்கும் பெட்டி என்பது பொருள். குடிவரவு-சுங்க அமலாக்க முகமையின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான 'ஐஸ்' என்பதோடு லூயிசெல்லி இப்பெயரை இணைக்கிறார். அவ்வறைகள் பெரும்பாலும் சுங்க-எல்லைப் பாதுகாப்பு முகமையின் பொறுப்பிலுள்ளவை. எனவே அது நாட்டார் சொற்பிறப்பு வகைப்பட்டது. குளிரே போதிய பெயர்க்காரணம். தமிழில் இதனை 'ஐஸ்பெட்டி' எனப் பெயர்த்தால், இறந்தவரின் உடலை வீட்டில் வைக்கும் பெட்டி தமிழர் நினைவுக்கு வரும். மூலத்தில் இல்லாத பொருள் இது. இருப்பினும் 'குளிர்பதன அறை' என்ற அலுவலகச் சொல்லைவிட இது மூலத்தின் உணர்வுக்கு அண்மையது. மொழிபெயர்ப்பாளர் துணிந்து எடுத்துக்கொள்ளத்தக்க மிகைப்பொருள் எனலாம்.

6. ஸ்பானியத்துக்கு அப்பால்

நூலின் பெருங்குறை அது ஸ்பானியத்தையே குழந்தைகளின் மொழி எனக் கொண்டது. குவாத்தமாலாவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய மொழிகள் சட்டம் மாயா, கரிஃபுனா, ஷின்கா மொழிகளை ஏற்கிறது. மாயா மொழிகள் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவை. மாம், கிச்சே, கஞ்சோபால் பேசும் குழந்தைகள் எல்லைக்கு வருகின்றனர். ஸ்பானிய நாட்டிலிருந்து வருவோர் ஸ்பானியம் அறிவர் என்ற எண்ணத்தில் அவர்களிடமும் ஸ்பானியத்திலேயே வினாக்கள் கேட்கப்படுகின்றன. அரைகுறையாகப் புரிந்த குழந்தை தலையசைக்கும். உரிய மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாலும், அவர் ஸ்பானியம்வரை பெயர்க்க, மற்றொருவர் அதனை ஆங்கிலமாக்கும் தொடர்ப்பெயர்ப்பே பெரும்பாலும் நிகழ்கிறது.

கிச்சே மொழியின் உடன்பிறந்தார் பெயர்கள் தமிழருக்கு ஆர்வமூட்டக்கூடியவை. 'அட்ஸ்' என்பது பேசுபவரோடு ஒத்த பாலினத்து மூத்தவரைக் குறிக்கும். சிறுமி சொன்னால் அக்காள். சிறுவன் சொன்னால் அண்ணன். இளையவர்க்கு 'சாக்' என்ற வேறு சொல். ஸ்பானியப் பெயர்ப்பில் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு மறையும். யாருடைய பொறுப்பில் யார் வந்தார் என்ற வினாவுக்கு அந்த வேறுபாடே விடையாக இருக்கக்கூடும். வினையமைப்பிலும் அம்மொழி, செயல் எப்போது நிகழ்ந்தது என்பதைவிட அது முடிந்ததா தொடர்கிறதா என்பதையே முதலில் குறிக்கும். அச்சுறுத்தல் முடிந்துவிட்டதா இன்னும் தொடர்கிறதா என்பதே புகலிட வழக்கின் மையம். மூலமொழியில் வினைமுற்றிலேயே கிடக்கும் விடை, இரு மொழிகளைக் கடந்து ஆங்கிலத்துக்கு வருமுன் ஓர் இறந்தகால விகுதியில் அடங்கிப் போகலாம்.

இக்குறையை லூயிசெல்லி உணர்ந்திருக்க வேண்டும். அவர் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதிய நாவலான 'லாஸ்ட் சில்ட்ரன் ஆர்கைவ்' (2019) கட்டுரை நூலின் செய்திகளையே மீண்டும் எடுத்தாள்கிறது. அதில் தொலைபேசி எண் தைத்த ஆடையணிந்த சிறுமியரின் தாய் திரிக்கி மொழி பேசுபவள். நியூயார்க்கில் வழங்கும் மொழிகளை ஒலிப்பதிவு செய்யும் கதைசொல்லி, அவளுடைய பேச்சைப் பதிவுசெய்துகொண்டு, கைம்மாறாக மகள்களின் வழக்குத் தாள்களை ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருகிறாள். களப்பணியில் ஈடுபடும் மொழியியலார் அறிந்த பண்டமாற்றுத்தான் இது. ஆனால் நாவலில் அந்த ஒலிப்பதிவு ஒரு தரவாகவே நிற்கிறது. வழக்குத் தாள்கள் ஸ்பானியத்தில் தொடங்குகின்றன. அவற்றுக்கு முன் அச்சிறுமியர் திரிக்கியில் என்ன சொல்லியிருப்பர் என்பதற்கு அப்பெரிய நாவலில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை.